அடி வாங்குவது எது என்று பாருங்கள், சுத்தியல் முடிவாகிவிடும்

கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இது: மரவேலை பழக ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. வீட்டில் இருப்பது ஆணி பிடுங்கும் சுத்தியல் ஒன்றுதான். ஸ்டூல் காலில் துளை எடுக்கும்போது அதை வைத்தே உளியை அடித்தேன். புது உளி, பிடி நெட்டுக்குப் பிளந்துவிட்டது. கடையில் கேட்டால் பத்து வகை காட்டுகிறார்கள். எதற்கு எது, எவ்வளவு எடை, மரப்பிடியா பைபர் பிடியா? மொட்டைமாடியில் கொஞ்சம் டைல்ஸ் வேலையும் இருக்கிறது.

முதலில் அந்த உளிப்பிடியைப் பேசிவிடலாம். மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

எஃகுச் சுத்தியலின் முகம் கெட்டி. அது மரப்பிடியில் விழும்போது தொடும் இடமும் சின்னது, தொடும் நேரமும் சின்னது. அத்தனை விசையும் அந்தச் சின்ன இடத்தில், அந்தச் சின்ன நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும். மர நார் நசுங்கி, பிடியின் தலை காளான் மாதிரி விரிகிறது. பிறகு ஒரு நாள் விரிசல் நாரோடு கீழே ஓடிவிடுகிறது. அதே உளியைக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், அடித்துப் பாருங்கள். மரமும் மரமும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். அடி பரந்து விழும், துளி நேரம் கூடுதலாக நிற்கும். கைக்கு அது அடிப்பது போல இருக்காது, தள்ளுவது போல இருக்கும். உளி மரத்துக்குள் இறங்குவதில் பெரிய குறை வராது, பிடியும் பிழைக்கும்.

இரண்டு பொருள் மோதினால் மெத்தென்று இருப்பதுதான் அடிபடும். எனவே சுத்தியலைக் கையில் எடுக்கும் முன் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இரண்டில் எது அடிபட்டால் பரவாயில்லை? ஆணித் தலை கொஞ்சம் நசுங்கினால் ஒன்றும் போகாது, எஃகை எடுங்கள். உளிப்பிடி, டைல், மோட்டார் ஷாஃப்ட், பித்தளைக் குடம் இவையெல்லாம் அடிபடக் கூடாது. அங்கே அடியை வாங்கித் தேய வேண்டியது சுத்தியல்தான். கொட்டாப்புளி தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். எங்கள் வீட்டில் இருந்ததன் ஒரு பக்கம் உள்ளங்கைக் குழி போலத் தேய்ந்திருக்கும். அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்து நாலு பக்கமும் தீர்ந்த பிறகுதான் தாத்தா புதிது செய்வார்.

நீங்கள் மரவேலை என்று சொன்னதால் கொட்டாப்புளியைப் பற்றியே கொஞ்சம் அதிகம் சொல்கிறேன். நம் பக்கம் புளியமரத்தில் செய்வார்கள். புளியங்கட்டை கனம், நாரும் பின்னிக் கிடக்கும், லேசில் பிளக்காது. கறிக்கடைக்காரர் வெட்டும் கட்டைக்குப் புளியைத் தேடுவதும் இதனால்தான். பழைய மாதிரி ஒரே கட்டையில் கடைந்தது, உருண்டைத் தலை. எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அடிக்கலாம், கண் உளி முனையில் இருந்தால் போதும். மரச்சிற்பம் செதுக்குகிறவர்கள் உருண்டையை விரும்புவது இந்த வசதிக்காக. மெல்லிய அடி, நூற்றுக்கணக்கான அடி, உளியோ நிமிடத்துக்கு ஒரு கோணம் மாறும்.

இன்னொன்று, தலை தனி, பிடி தனியாகச் செய்கிற பெட்டித் தலை. கடையில் வாங்குவதாக இருந்தால் இரண்டு இடத்தை உற்றுப் பாருங்கள். ஒன்று, அடிக்கும் முகம் இரண்டும் செங்குத்தாக இருக்கக் கூடாது. பிடி பக்கம் குறுகி, மேல் பக்கம் அகன்று, லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். முழங்கையை மையமாக வைத்துக் கை ஒரு வளைவில்தானே வருகிறது? அந்தச் சாய்வு இருந்தால்தான் முகம் உளித்தலையில் தட்டையாக விழும். இரண்டாவது, பிடி நுழையும் துளை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்க வேண்டும். பிடியை மேலிருந்து செருகி இறக்குவார்கள். ஒவ்வொரு வீச்சிலும் தலை வெளியே பறக்கத்தானே பார்க்கும்? இந்த அமைப்பில் அப்படிப் பறக்கப் பார்க்கும்போதெல்லாம் பிடியின் அகன்ற பக்கத்தில் இறுகிக்கொள்ளும். ஆப்பே தேவையில்லை. துளை எடுக்க 500 முதல் 700 கிராம் வரை போதும். கதவு நிலைக்குப் பெரிய துளை எடுப்பவர்கள் ஒரு கிலோவுக்குப் போவார்கள்.

"எங்கள் ஊர் ஆசாரி இரும்புச் சுத்தியால்தானே உளியை அடிக்கிறார்" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நிறையப் பேர் அப்படித்தான் அடிக்கிறார்கள். அவர்கள் உளிப்பிடியின் தலையைப் பாருங்கள், அங்கே ஓர் இரும்புப் பூண் இருக்கும். நார் விரியாமல் அது கட்டிப் பிடிக்கும். பூண் இல்லாத உளியை இரும்பால் அடித்ததுதான் உங்கள் இழப்புக்குக் காரணம். உளி நல்ல உளியாகத்தான் இருந்திருக்கும்.

இனி ஆணி. வீட்டுக்கு ஆணி பிடுங்கும் சுத்தியல் 450 கிராம் சரியான எடை. பழைய கணக்கில் 16 அவுன்ஸ், ஒரு பவுண்டு. இரண்டு, மூன்று அங்குல ஆணிக்கு இது தாராளம். கனமானது வாங்கினால் சீக்கிரம் அடிக்கலாம் என்று நினைத்து ஒரு கிலோவை வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு அப்படி இல்லை. எடை இருமடங்கானால் அடியின் சக்தி இருமடங்குதான் ஆகும். வேகம் இருமடங்கானால் நான்கு மடங்கு. கையால் நன்றாக வீச முடியாத கனம், பாதி வேகத்தில் வந்து ஆணியை வளைத்துவிட்டுப் போகும். பத்தாவது அடிக்கே மணிக்கட்டு வலித்தால் அது உங்கள் எடை இல்லை.

பிடியை நுனிப் பக்கம் பிடியுங்கள். கழுத்தருகே பிடித்தால் பிடியின் நீளத்துக்குக் கொடுத்த காசு வீண். ஆணி நிற்கும் வரை இரண்டு மெல்லிய தட்டு, பிறகு முழங்கையிலிருந்து வீச்சு. மரத்தின் ஓரத்தில் அடிக்கும்போது பிளக்கிறதா? ஆணியைத் தலைகீழாக ஓர் இரும்பின் மேல் நிறுத்தி, கூர்முனையை ஒரு தட்டு தட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். கூர்முனை நாரை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளி ஆப்பு மாதிரி பிளக்கும். மழுங்கிய முனை நாரை நசுக்கி வெட்டிக்கொண்டு இறங்கும். பிடுங்கும்போது சுத்தியலின் கழுத்துக்குக் கீழே ஒரு மரத்துண்டை வையுங்கள். நெம்பும் உயரம் கிடைக்கும், பலகையிலும் பள்ளம் விழாது.

அரை அங்குலம், ஒரு அங்குலச் சின்ன ஆணிக்கு இந்த 450 கிராமும் அதிகம்தான். அதற்கு 100 முதல் 200 கிராம் கிராஸ் பீன் வாங்குங்கள். ஒரு பக்கம் தட்டை முகம், மறுபக்கம் பிடிக்குக் குறுக்காக மெல்லிய விளிம்பு. இரண்டு விரலுக்கு நடுவே ஆணியைப் பிடித்துக்கொண்டு, அந்த மெல்லிய விளிம்பை விரல்களுக்கு இடையே இறக்கி ஆணியை நிறுத்தலாம். விரல் தப்பும். ஆணி நின்றதும் திருப்பி முகத்தால் முடிக்கலாம். போட்டோ பிரேம், பெட்டியின் பின்பக்க ஒட்டுப்பலகை, பீடிங் எல்லாவற்றுக்கும் இதுதான் என் முதல் கருவி.

கடைக்காரர் காட்டிய பத்தில் உருண்டைத் தலை ஒன்று இருந்திருக்கும், அது பால் பீன். மரவேலைக்கானது அல்ல, இரும்புப் பாகங்களைப் பொருத்தும் பிட்டருக்கானது. ஐடிஐயில் முதல் வாரமே இதைக் கையில் கொடுப்பார்கள். அங்கே சொல்லித்தருவது, குறி போட 250 கிராம், பட்டறையில் பொது வேலைக்கு 125 முதல் 750 கிராம் வரை. உருண்டைப் பக்கம் ரிவிட் தலையை விரித்து மூட. தட்டை முகத்தின் விளிம்பு சரித்து எடுக்கப்பட்டிருக்கும். இரும்பை வெட்டும் வெட்டிரும்பையும், புள்ளி குறிக்கும் சென்டர் பஞ்சையும் அடிக்க வேண்டியது இந்தச் சுத்தியலால்தான். ஆணிச் சுத்தியலால் அவற்றை அடிக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், இறுகிப்போன புஷ் (துளைக்குள் உட்காரும் உலோக வளையம்) ஒன்றைக் கழற்ற, ஒருவர் ஒரு சுத்தியலின் தலையை அதன் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் இன்னொரு சுத்தியலால் அதை அடித்தார். மூன்றாவது அடியில் "ணங்" என்று ஒரு மெல்லிய சத்தம், வேறு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் பிடித்திருந்தவர் சட்டைக் கையில் சிவப்பாக ஒரு புள்ளி. சுத்தியல் முகத்தின் விளிம்பிலிருந்து எள்ளில் பாதி அளவு சில்லு தெறித்து, துணியைத் துளைத்து, முன்கைச் சதைக்குள் போயிருந்தது. எக்ஸ்ரே எடுத்துத் தேடித்தான் வெளியே எடுத்தார்கள். ஒரு சாண் மேலே போயிருந்தால் கண்.

காரணம் எளிது. சுத்தியல் முகம் தோய்ச்சல் போட்ட எஃகு, அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டியாக்கியது. கெட்டியாக இருக்கும், ஆனால் நெகிழாது. மெத்தென்ற ஆணி மேல் அடிக்கும்போது ஆணி விட்டுக்கொடுக்கிறது. தன்னைப் போலவே கெட்டியான இன்னொன்றின் மேல் அடித்தால் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை, விளிம்பு சில்லாகப் பறக்கிறது. சுத்தியலை சுத்தியலால் அடிக்காதீர்கள். கோடாரியை ஆப்பு மாதிரி வைத்து அடிக்காதீர்கள். சுவரில் அடிக்கும் கான்கிரீட் ஆணியும் தோய்ச்சல் போட்டதுதான். கொஞ்சம் சாய்வாக அடித்தாலும் வளையாது, முறிந்து தெறிக்கும். அதற்கு இரண்டு பவுண்டுச் சுத்தியலை நேராகப் பிடித்துக் குறைந்த அடியில் இறக்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள். வெட்டிரும்பின் தலை காளானாக விரிந்திருந்தால் அதைச் சாணைக்கல்லில் தேய்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அந்த விரிந்த ஓரமும் அப்படித்தான் பறக்கும்.

மெஷின் வேலைக்கு எஃகு கூடாத இடங்கள் உண்டு. ஷாஃப்டின் முனை, மரையுள்ள போல்ட், பேரிங். இங்கெல்லாம் செம்பு, பித்தளை அல்லது நைலான் முகம். கிணற்று மோட்டாருக்குப் பேரிங் மாற்றுகிறவர்கள் சுத்தியலால் நேராகத் தட்டி ஏற்றுவதை இப்போதும் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. ஷாஃப்ட் மேல் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் தள்ள வேண்டும், பேரிங் உட்காரும் கூட்டுக்குள் (ஹவுசிங்) இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும். தப்பான வளையத்தில் அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் குண்டு அளவுக்குச் சின்னச் சின்னக் குழி விழும். புது பேரிங் முதல் நாளே இரைவதற்கு இது ஒரு காரணம். வளையத்தின் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு வைத்து, அதன் மேல் தட்டுங்கள்.

பெட்ரோல், கேஸ், வெடிமருந்து புழங்கும் இடத்தில் கேள்வியே வேறு. அங்கே எஃகு எஃகின் மேல் பட்டால் தீப்பொறி. பித்தளை, அலுமினிய வெண்கலம், மரம் போன்றவை மட்டும்தான்.

உங்கள் டைல்ஸ் வேலைக்கு ரப்பர் சுத்தியல். கறுப்பு ரப்பர் விலை குறைவு, ஆனால் வெளிர் நிற டைலில் கறை பதியும். வெள்ளை ரப்பர் வாங்குங்கள். தட்டுவது டைலை இறக்க அல்ல, அடியில் இருக்கும் காற்றை வெளியேற்றிக் கலவையில் உட்காரவைக்க. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டு வாருங்கள். மூலையில் தட்டி நடுவுக்கு வந்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காதையும் வைத்துக் கேளுங்கள். நிறைந்த இடம் "தொம்" என்று அடங்கிக் கேட்கும், வெற்றிடம் "டொக்கு" என்று கேட்கும். டொக்கு கேட்கும் டைலைக் கலவை காயும் முன்பே தூக்கி மறுபடி போடுங்கள். சோபா, கட்டில் பாகங்களைப் பொருத்தவும் இதே ரப்பர் சுத்தியல் உதவும். உளிக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள். ரப்பர் துள்ளும், உளி எங்கே இறங்கும் என்பது கையின் கட்டுப்பாட்டில் இருக்காது. துள்ளல் வேண்டாம் என்றால் டெட் புளோ என்று ஒன்று இருக்கிறது. தலை உள்ளே கூடாக இருக்கும், அதில் எஃகுக் குண்டுமணிகள். அடி விழுந்த மறுகணம் அவை பின்னாலிருந்து வந்து மோதி, சுத்தியல் எழும்பாமல் அழுத்திவிடும். மர இணைப்புகளைப் பசை போட்டு இறுக்கும்போது அருமையான கருவி. வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

தகடு வேலையிலும் இதே கதைதான். டிங்கரிங் பட்டறையில் பள்ளத்துக்குப் பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டையை வைத்து, முன்னால் எஃகுச் சுத்தியால் அதன் நேரே அடித்தால், இரண்டு கெட்டிக்கு நடுவே தகடு நசுங்கி மெலியும், மெலிந்தால் பரப்பு கூடும். பள்ளம் போய் மேடு வந்துவிடும். அதனால்தான் தெரிந்தவர்கள் டாலியைக் கொஞ்சம் தள்ளி வைத்து அடிக்கிறார்கள், அல்லது மரச் சுத்தியை எடுக்கிறார்கள். நசுங்கிய பித்தளைக் குடத்துக்கும் மரம்தான்.

கல் வேலையை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அங்கே விதி திரும்புகிறது. கருங்கல்லில் செதுக்கும் சிற்பிகள் உளியை இரும்பால்தான் அடிக்கிறார்கள். அடிபட்டு உதிர வேண்டியது கல், அதற்குச் சுருக்கென்ற அடி வேண்டும். மரத்தின் தள்ளல் கருங்கல்லில் ஏறாது. மாவுக்கல் மாதிரி மெத்தென்ற கல்லுக்கு வந்தால் மரமே போதும். தெருவில் அம்மி கொத்த வருகிறவர் கையில் கவனித்திருப்பீர்கள், சின்னச் சுத்தியல், கூர் உளி, விடாத வேகம். ஒரு அடியில் ஒரு புள்ளி. கனத்தை எடுத்தால் அம்மியே போய்விடும்.

கல் உடைப்பவர்களின் சம்மட்டி நேர் எதிர். வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஆப்பு இறக்கி, ஒன்றை இரண்டு தடவைகூட அடிக்காமல் வரிசையாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஆப்பு மந்தமாகச் சத்தம் போடும். சுற்றுக்குச் சுற்று சுருதி ஏறும். ஒரு கட்டத்தில் பெரியவர் கையைக் காட்டுவார், எல்லாரும் நிறுத்துவார்கள். யாரும் அடிக்காமலே கல்லுக்குள் மெல்லச் சரசரவென்று ஒரு ஒலி ஓடி, கோடு பிடித்தது போலப் பிளக்கும். உங்களுக்குச் சம்மட்டி தேவைப்பட்டால் நாலு கிலோவுக்கு மேல் போக வேண்டாம். தூக்குவது மட்டும் உங்கள் வேலை, இறக்குவதை எடை பார்த்துக்கொள்ளும். சுவரை இடிக்க என்றால் அது பாரம் தாங்கும் சுவரா என்று இன்ஜினியரிடம் கேட்காமல் ஓங்காதீர்கள்.

பிடி கேட்டீர்கள். எனக்கு மரம். அதிர்ச்சியைக் கைக்கு வராமல் வாங்கிக்கொள்ளும், உடைந்தால் மாற்றலாம். கருவேலங்கட்டையில் போட்ட பிடி பல வருஷம் உழைக்கும். பைபரும் நல்லதுதான், மழையில் கிடந்தாலும் கெடாது, குறி தவறிக் கழுத்தில் அடிபட்டாலும் தாங்கும். உடைந்தால் மட்டும் பெரும்பாலும் சுத்தியலையே தூக்கிப் போட வேண்டியிருக்கும். இரும்புக் குழாய்ப் பிடியை நாள் முழுக்க வேலை செய்கிறவருக்குச் சொல்ல மாட்டேன், முழங்கை வலிக்கும். மரப்பிடி வாங்கும்போது அடிமுனையைத் திருப்பி ரேகையைப் பாருங்கள். ரேகைகள் சுத்தியல் முகம் பார்க்கும் திசையிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் உடையும். பக்கவாட்டில் நார் சாய்ந்து வெளியே போகிறதா என்றும் பாருங்கள்.

கோடையில் தலை ஆடும். உடனே வாளித் தண்ணீரில் போடச் சொல்வார்கள். போட்டால் அன்றைக்கு இறுகும். இரும்புத் துளைக்குள் ஊதிய மரம் போக இடமில்லாமல் தன்னையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் முன்னைவிட மெலிந்து இன்னும் அதிகமாக ஆடும். அப்படிச் செய்யாமல், சுத்தியலைத் தலை கீழே தொங்கும்படி காற்றில் பிடித்து, பிடியின் அடிமுனையைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும். கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்க, பிடி கீழே இறங்கித் தலைக்குள் இறுகும். பிறகு ஆப்பை ஒரு தட்டு தட்டி, ஆளிவிதை எண்ணெயைத் தலைப்பக்கம் ஊறவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பிடியை மாற்றுங்கள். ஆடுகிற தலையோடு ஒரு அடிகூட அடிக்க வேண்டாம், எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

ஆக, இப்போதைக்கு நீங்கள் வாங்க வேண்டியது மூன்று: 600 கிராம் அளவில் ஒரு கொட்டாப்புளி, சின்ன கிராஸ் பீன், வெள்ளை ரப்பர். கையில் இருக்கும் ஆணிச் சுத்தியல் இருக்கட்டும். கொட்டாப்புளியைக் கடையில் தேட வேண்டாம். பக்கத்தில் மரம் அறுக்கும் மில் இருந்தால் நன்றாகக் காய்ந்த புளியங்கட்டைத் துண்டு கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். நாலு மாதம் பழகிய கைக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பிளந்த உளிப்பிடியை ஒட்டாதீர்கள், பசை நிற்காது. அதைக் கழற்றிவிட்டு, அதே கட்டையில் மிஞ்சும் துண்டில் புதுப்பிடி போடுங்கள். தலையில் பழைய ஜிஐ குழாயில் அரை அங்குலம் அறுத்துப் பூணாகச் சூடாக்கி ஏற்றி, தண்ணீர் ஊற்றிக் குளிரவையுங்கள். குழாய் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். சூடாக்கும் முன் குழாயின் உள்ளும் புறமும் உள்ள துத்தநாகப் பூச்சை அரத்தால் முழுக்கத் தேய்த்து எடுத்துவிடுங்கள், அது சூட்டில் விடும் புகை கெட்டது.